ஓடும் காருக்குக் காற்று உண்டு; நிற்கும் காருக்கு?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கடலோரமாக இருக்கிறது மீமிசல்.

ஆவுடையார்கோவில் வட்டத்தைச் சேர்ந்த ஊர். கிழக்கே பாக் நீரிணைக் கடல். ஊர் வழியாகப் போகிறது, கிழக்குக் கடற்கரைச் சாலை.

நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் வழிபாட்டை முடித்துக்கொண்டு கடற்கரையோரமாகவே இராமேசுவரம் போகிறவர்களுக்கு இதுதான் வழி. ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்களுக்கும் இதே வழிதான். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று ஊர் ஊராகத் தாண்டிப் போகின்றன கார்கள்.

நீண்ட பயணம். வழியில் டீ குடிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், டிரைவர் சற்றுக் கண் அயர வேண்டும். எனவே, சாலையோரத்தில் கார்கள் நிற்கின்றன.

கார் நிற்கிறது. ஆனால், என்ஜின் நிற்பதில்லை!

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, சிலர் உள்ளேயே சாய்ந்து தூங்கிவிடுகிறார்கள். வேறு சிலர், பின் சீட்டில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

இரண்டுமே உயிரோடு விளையாடும் காரியங்கள்!

ஓடும் கார் மோதினால்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். அசையாமல் நிற்கும் காரும் ஆளைக் கொல்லும். காருக்குள் காற்று எப்படி வருகிறது, எப்படிக் குளிர்கிறது, எப்போது அது நின்றுபோகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், இந்த ஆபத்து விளங்கும்.

முக்கோணக் கண்ணாடி

அந்தக் காலத்துக் காரில் இந்தக் கவலை குறைவு.

அம்பாசிடர் காரைப் பலருக்கும் நினைவிருக்கும். 1958 முதல் 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரானது. அதன் முன் கதவுகளில், பெரிய கண்ணாடிக்கு முன்னால் சின்னதாக ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்கும். அதைத் திருப்பி வைத்தால் போதும். கார் ஓட ஓட வெளிக் காற்று முகத்தில் வந்து அடிக்கும்.

அவ்வளவுதான் அந்தக் காரின் குளிர்சாதனம்! புழுதியும் கூடவே வரும். ஆனால், மூச்சுக்குக் குறைவில்லை.

மீமிசல் போன்ற கடற்கரை ஊரில் மாலை நேரக் கடற்காற்று வீசும்போது, கண்ணாடியை இறக்கிவிட்டாலே போதும் என்று இன்றும் சொல்லுகிறவர்கள் உண்டு. ஆனால், சித்திரை வெயிலில் நடுப்பகலில் அது நடக்காது. வெளியே அடிப்பது அனல் காற்று. எனவே, கண்ணாடி ஏறிவிடுகிறது. ஏ.சி. வந்துவிடுகிறது.

1939-ல் வந்த குளிர்ச்சி

காருக்கு ஏ.சி. வந்த கதை வேடிக்கையானது.

1939-ம் ஆண்டு அமெரிக்காவில் பேக்கார்டு என்ற கம்பெனி, தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்திய காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குளிரூட்டும் கருவி, பின் சீட்டுக்குப் பின்னால் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

அதில் ஒரு சங்கடம். குளிர் போதும் என்று நிறுத்துவதற்கு இப்போது உள்ளதுபோல் பொத்தான் கிடையாது. என்ஜினை நிறுத்த வேண்டும். முன் மூடியைத் திறக்க வேண்டும். பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்! விலையும் அதிகம். சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது.

1954-ல் நாஷ் என்ற கம்பெனி, கருவிகள் எல்லாவற்றையும் காரின் முன் பகுதியிலேயே அடக்கிக் காட்டியது. 1964-ம் ஆண்டு மாடல் காடிலாக் காரில், வேண்டிய குளிரைத் திருகில் வைத்துவிட்டால் போதும்; கார் தானே அந்த அளவில் வைத்துக்கொள்ளும் என்ற வசதி வந்தது. இன்று ‘கிளைமேட் கண்ட்ரோல்’ என்று சொல்லப்படுவதன் தாத்தா அதுதான்.

கிளைமேட் கண்ட்ரோல் உள்ள காரில் 24 டிகிரி என்று வைத்தால், உள்ளே உள்ள சூட்டை உணர்கருவிகள் அளக்கின்றன. பல கார்களில், கண்ணாடி வழியே விழும் வெயிலையும் அளக்கின்றன. அதற்கு ஏற்றபடி விசிறியின் வேகமும், குளிர்ந்த காற்றின் அளவும் தாமாகவே கூடுகின்றன, குறைகின்றன.

ஒழுகும் தண்ணீர்

“அண்ணே, வண்டிக்கு அடியிலே தண்ணி ஒழுகுதே!”

சாலையோரம் நிற்கும் காரைப் பார்த்து, யாராவது இப்படிச் சொல்லுவது வழக்கம். பயப்பட வேண்டியதில்லை. ஏ.சி. வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

என்ஜினோடு ஒரு பெல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கிறது, கம்ப்ரசர். அது குளிரூட்டும் வாயுவை அழுத்துகிறது. அழுத்தியதால் சூடான வாயு, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. பிறகு டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள குளிர்ச் சுருளுக்குள் பாய்ந்து, மறுபடியும் ஆவியாகிறது. அப்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சுருளின் மீது விசிறி காற்றை ஊதுகிறது. குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது.

குளிர்ந்த சுருளின் மேல், காற்றில் உள்ள ஈரம் நீராகப் படிகிறது. குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வேர்ப்பதுபோல! அந்த நீர்தான் குழாய் வழியே சொட்டுகிறது. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் அல்லவா? ஆகவே, மீமிசலில் நிற்கும் காரிலிருந்து சற்று அதிகமாகவே சொட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெட்ரோல், டீசல் கார்களில் பெரும்பாலும் என்ஜின் ஓடினால்தான் கம்ப்ரசர் ஓடும். குளிர் வேண்டுமானால், புகையும் வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும்.

அம்புக்குறி சொல்லும் செய்தி

ஏ.சி. பொத்தானுக்குப் பக்கத்தில் கார் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை.

காருக்குள்ளேயே அம்பு வளைந்து சுற்றுவதுபோல் படம் இருந்தால், உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பக் குளிரூட்டப்படுகிறது என்று பொருள். வெளியிலிருந்து அம்பு உள்ளே நுழைவதுபோல் இருந்தால், புதுக் காற்று வருகிறது என்று பொருள். முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் உள்ள வழியாகத்தான் அந்தக் காற்று நுழைகிறது.

உள்காற்றைச் சுற்றவிட்டால் சீக்கிரம் குளிரும். புழுதி வராது. ஏ.சி.க்கும் பாரம் குறையும். எனவே, நாள் முழுவதும் அதிலேயே விட்டுவிடுகிறார்கள்.

ஆனால், நாலைந்து பேர் மூச்சு விடுகிறார்களே! வெளிக் காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 425 பங்குதான் கரியமில வாயு இருக்கிறது. கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுற்றவிட்ட காரில் அது சிறிது நேரத்திலேயே ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். தலை கனக்கும். கொட்டாவி வரும். கண் சொக்கும்.

பின்னால் இருப்பவர் தூங்கினால் பாதகமில்லை. டிரைவர் தூங்கினால்?

ஆகவே, கார் நன்றாகக் குளிர்ந்த பிறகு, அவ்வப்போது புதுக் காற்றை உள்ளே விட வேண்டும். லாரிப் புகைக்குப் பின்னால் போகும்போது மட்டும் உள்காற்றுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தானே தூங்கி, தானே விழிக்கும் என்ஜின்

இப்போது சில கார்களில் இன்னொரு புதுமை இருக்கிறது.

சிவப்பு விளக்கில் கார் நின்றதும், என்ஜின் தானாகவே நின்றுவிடுகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலோ, கியர் வண்டியானால் கிளட்ச்சை மிதித்தாலோ, உடனே கிளம்பிவிடுகிறது.

இது புது எண்ணம் அல்ல. 1970-களிலேயே ஜப்பானின் டொயோட்டா கம்பெனி, தன் கிரவுன் காரில் இதைச் செய்து பார்த்தது. இந்தியாவில் 2014-ல் ஹீரோ கம்பெனியின் ஸ்பிளெண்டர் ஐஸ்மார்ட் மோட்டார் சைக்கிளிலும் இந்த வசதி வந்தது.

சும்மா நிற்கும் வண்டியில் எண்ணெய் வீணாவதும், புகை வருவதும் இதனால் குறைகின்றன. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால், என்ஜின் நின்றால் கம்ப்ரசரும் நின்றுபோகுமே? ஆம். குளிர்ச் சுருளில் மிச்சமிருக்கும் குளிரைக் கொண்டு, விசிறி மட்டும் சிறிது நேரம் சமாளிக்கும். உள்ளே சூடு ஏறியதும், யாரும் தொடாமலே என்ஜின் மறுபடியும் ஓடத் தொடங்கும். பாட்டரியில் சக்தி குறைந்தாலும் அப்படியே. ஹைபிரிட் கார்கள் பலவற்றில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால், என்ஜின் நின்றாலும் குளிர் நிற்பதில்லை.

இங்கேதான் ஏமாற்றம் வருகிறது.

சத்தம் இல்லை, ஆகவே, கார் அணைந்துவிட்டது என்று டிரைவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் கார் அணையவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது! கதவைத் திறந்தால் பல கார்கள் மணி அடித்து எச்சரிக்கின்றன. அதைப் பொருட்படுத்தாமல் இறங்கிப் போகிறவர்களும் உண்டு.

அமெரிக்காவில், சாவியைத் திருகாமல் பொத்தானை அமுக்கிக் கிளப்பும் கார்களை அணைக்க மறந்து, வீட்டோடு சேர்ந்த கார் கொட்டகையில் விட்டதால், 2006 முதல் 2018-க்குள் 24-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொட்டகையில் சேர்ந்த புகை, வீட்டுக்குள் புகுந்துவிட்டது.

மணமில்லாத விஷம்

அந்தப் புகையில் இருப்பது என்ன?

கார்பன் மோனாக்சைடு! நிறம் கிடையாது. மணம் கிடையாது. கண் எரியாது. இருமல் வராது. வந்திருப்பதே தெரியாது.

ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான் பிராண வாயுவைச் சுமந்து செல்கிறது. பிராண வாயுவை விட இந்த விஷவாயு, இருநூறு மடங்குக்கு மேல் பலமாக அதைப் பற்றிக்கொள்கிறது. பஸ்ஸில் ஒருவர் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டால், மற்றவர் உட்கார முடியாதது போன்ற நிலைமை. மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தாலும், உடம்புக்குப் பிராண வாயு போய்ச் சேராது.

முதலில் தலைவலி. பிறகு மயக்கம், குமட்டல். தூங்குகிறவருக்கு இவை எதுவும் தெரியாது. தூக்கம் மயக்கமாகும், மயக்கம் மரணமாகும்.

2024 டிசம்பரில், கேரள மாநிலம் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக நிபுணர்கள், அந்த வண்டியை வைத்தே சோதனை நடத்தினார்கள். வண்டியில் இருந்த ஜெனரேட்டரின் விஷவாயுதான் உள்ளே புகுந்தது என்பது தெரியவந்தது.

இத்தகைய சாவு நடந்தால், “ஏ.சி. வாயு கசிந்து கொன்றுவிட்டது” என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் கொல்லுவது ஏ.சி. வாயு அல்ல, என்ஜின் புகை!

கார் ஓடும்போது அந்தப் புகை பின்னால் கலைந்து போய்விடும். நிற்கும்போது காருக்கு அடியிலேயே தேங்கும். சைலன்சரில் ஓட்டை இருந்தால், தரையில் துரு அரித்த இடம் இருந்தால், அங்கிருந்து உள்ளே ஏறும். விசிறியும் அதை இழுத்துக்கொள்ளும். உள்காற்றுப் பொத்தானைப் போட்டுவிட்டால் புகை வராது என்று நம்பக் கூடாது.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். உப்புக் காற்று இரும்பைத் தின்னும்! மீமிசலிலும், கோட்டைப்பட்டினத்திலும், ஜெகதாப்பட்டினத்திலும் பல ஆண்டுகள் நின்ற வண்டியின் அடிப்பாகத்தை, சர்வீசுக்கு விடும்போதெல்லாம் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்ல வேண்டும். சைலன்சரின் சத்தம் மாறினால், அது சத்தக் கோளாறு மட்டும் அல்ல, உயிர்க் கோளாறு.

கண்ணாடிக் கூண்டு

சரி, என்ஜினை அணைத்துவிட்டால் ஆபத்து தீர்ந்ததா?

பெரியவர்களுக்குத் தீர்ந்தது. கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடுவார்கள். குழந்தைக்கு?

2022 ஜூன் மாதம். நெல்லை மாவட்டம் பணகுடி அருகே லெப்பைக்குடியிருப்பு. நின்றிருந்த காருக்குள் ஏறி விளையாடினார்கள், மூன்று சின்னஞ்சிறு குழந்தைகள். கதவு பூட்டிக்கொண்டது. திறக்கத் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது மூவரும் உள்ளே கிடந்தார்கள். ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை.

2025 மே மாதம் ஆந்திர மாநிலம் விஜயநகரம் மாவட்டம் துவாரப்பூடியில், இதே போல் நான்கு குழந்தைகள் இறந்தார்கள்.

“மூச்சு முட்டி இறந்தார்கள்” என்றுதான் எல்லோரும் சொல்லுகிறார்கள். ஆனால், பூட்டிய காரில் காற்று தீருவதற்கு முன்னால் சூடு முந்திக்கொள்ளும். வெயிலின் ஒளி கண்ணாடி வழியாக உள்ளே நுழைகிறது. சீட்டையும் டாஷ்போர்டையும் சுட வைக்கிறது. அந்தச் சூடு, வந்த வழியே வெளியேற முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது.

அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதை அளந்து காட்டியது. வெயிலில் நின்ற காரின் உட்புறம், ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடுதலாக ஏறியது. அதில் 80 சதவீதம், முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது! கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பயன் இல்லை.

வெளியே 36 டிகிரி என்றால், உள்ளே 58 டிகிரி! குழந்தையின் உடம்போ, பெரியவர் உடம்பை விட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். “ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்” என்கிற நேரம் போதும், விபரீதம் நடக்க.

அமெரிக்காவில் 1998 முதல் இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், காரில் இருப்பதையே பெற்றவர்கள் மறந்துவிட்ட குழந்தைகள். பாசம் இல்லாதவர்களுக்கு மட்டும் நேருவது அல்ல இது. வேலை அவசரம் யாருக்கும் மறதியைத் தரும்.

ஏ.சி.யை ஓட விட்டுக் குழந்தையை உள்ளே விடுவதும் சரியல்ல. எண்ணெய் தீர்ந்தால், என்ஜின் எதனாலாவது நின்றால், குளிர்ப்பெட்டி சில நிமிடங்களில் சூட்டுப்பெட்டி ஆகிவிடும். புகையே இல்லாத மின்சாரக் காருக்கும் இந்த ஆபத்து உண்டு.

வெயிலுக்காகக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத வெளிச்சமும் விட வேண்டும் என்பது விதி. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைக் கண்டிப்பாக எடுத்துச் சொன்னது. கறுத்த கண்ணாடிக்குள் ஒரு குழந்தை தவித்தால், பக்கத்தில் நடந்து போகிறவருக்குக்கூடத் தெரியாது.

லாரிக்கும் வந்தது ஏ.சி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் லாரிகளும் சரக்கு லாரிகளும் போகின்றன. என்ஜின் சூட்டில் வெந்துகொண்டு ஓட்டுகிறவர்கள், அந்த டிரைவர்கள்.

2025 அக்டோபர் 1-ந் தேதி முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. நல்ல காரியம். சூடு குறைந்தால் களைப்பு குறையும், விபத்தும் குறையும்.

ஆனால், லாரி டிரைவர் அந்த அறையிலேயே படுத்துத் தூங்குகிறவர். குளிர்ச்சி கிடைத்துவிட்டது என்று, இரவில் என்ஜினை ஓடவிட்டுத் தூங்கும் பழக்கம் வந்துவிடக் கூடாது. முதலாளிகள், வண்டியைக் கொடுக்கும்போதே இதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

வெயிலில் நின்ற காரில் ஏறியதும், எல்லாக் கண்ணாடிகளையும் இறக்க வேண்டும். சில நிமிடம் அப்படியே ஓட்டினால், அனல் வெளியே போய்விடும். அதன் பிறகு கண்ணாடியை ஏற்றி, உள்காற்றில் குளிரவிட வேண்டும். குளிர்ந்ததும் புதுக் காற்றுக்கு மாற்றலாம்.

தூக்கம் வந்தால், நிழலில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டுத்தான் சாய வேண்டும். மரத்தடியில் துண்டை விரித்துப் படுப்பது அதைவிட நல்லது.

இறங்கும்போது, சத்தம் நின்றதா என்று பார்த்தால் போதாது. டாஷ்போர்டு விளக்குகள் அணைந்தனவா என்று பார்க்க வேண்டும்.

பின் சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் காரைப் பூட்டக் கூடாது. கைப்பையையோ செல்போனையோ குழந்தையின் பக்கத்தில் வைத்தால், மறதி வராது.

வீட்டில் நிற்கும் காரையும் பூட்டியே வைக்க வேண்டும். சாவி, குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது. காருக்குள் மாட்டிக்கொண்டால் முன் சீட்டுக்கு வந்து ஹாரனை அமுக்கும்படி, குழந்தைகளுக்கு விளையாட்டாகவே சொல்லிக் கொடுக்கலாம். பெரும்பாலான கார்களில் என்ஜின் ஓடாவிட்டாலும் ஹாரன் ஒலிக்கும். பின் கதவில் குழந்தைப் பூட்டுப் போட்டிருந்தாலும், முன் கதவு உள்ளிருந்து திறக்கும்.

ஓடும் என்ஜினோடு நிற்கும் காரில் ஒருவர் அசையாமல் கிடந்தால், ‘தூங்குகிறார்’ என்று தாண்டிப் போகக் கூடாது. கண்ணாடியைத் தட்ட வேண்டும். விழிக்காவிட்டால் கதவைத் திறந்தோ, கண்ணாடியை உடைத்தோ, அவரை வெளிக் காற்றுக்குக் கொண்டுவந்து, 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

கண்ணாடியின் விலை சில ஆயிரம் ரூபாய். உள்ளே இருப்பது ஓர் உயிர்!